பாரி மகளிரின் குரல்

திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றினுள் ஒரு பாறை நிற்கிறது. கபிலர் உயிர்நீத்த இடம் என்பார்கள். அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டும் இதைச் சொல்கிறது: பாரியின் பெண்ணை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தாராம். அந்தப் பெண்ணின் பெயர் அதில் இல்லை. புறநானூற்றிலும் அவர்கள் 'பாரி மகளிர்' மட்டுமே. அங்கவை, சங்கவை என்பன பிற்கால வழக்கு.

ஆனால் புறநானூற்றின் 112ஆம் பாடல் அவர்களுடையது. சென்ற மாத நிலவையும் இம்மாத நிலவையும் அருகருகே வைத்து, தந்தையையும் குன்றையும் இழந்ததைச் சொல்லும் ஐந்தே அடிகள். அழுவதோடு நில்லாமல், குன்றைக் கொண்டவர் யார் என்பதையும் அவை சொல்லிவிடுகின்றன. நம் ஊர்ப் பெண்களின் ஒப்பாரியும் இப்படித்தான்: இறந்தவரை அழும் சாக்கில், இருப்பவர் செய்த அநீதி ஊரறிய வெளிவந்துவிடும்.

கல்வெட்டில் அவள் கொடுக்கப்பட்டவள், பாடலில் பேசியவள்.