பழைய நிரல், புதிய கணினி: இணக்க மென்பொருள்களில் பழுதறியும் முறை

1. ஆய்வுப் பொருள்

முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஒரு கணக்கு நிரல் இன்றைய கணினியில் ஓட மறுத்தால், பலரும் கையில் கிடைத்த அமைப்பையெல்லாம் மாற்றிப் பார்க்கிறார்கள். தற்செயலாக நிரல் ஓடிவிட்டாலும் எதனால் ஓடியது என்று தெரிவதில்லை; அடுத்த அப்டேட்டில் அதே தொல்லை திரும்புகிறது. பழைய நிரல் ஒவ்வொன்றும் தான் ஓடும் கணினியைப் பற்றிய சில அனுமானங்களோடு எழுதப்பட்டது. அவற்றில் எது பொய்த்தது என்று கண்ட பிறகே கருவியைத் தேர வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. கருவிகள்

டாஸ்பாக்ஸ் ஒரு பழைய கணினி முழுவதையும் மென்பொருளாலேயே உருவாக்கிக் காட்டுகிறது. 1993-இல் தொடங்கிய வைன், நிரல் விண்டோஸிடம் கேட்பவற்றை லினக்ஸுக்கான அழைப்புகளாக மாற்றித் தருகிறது. 2020-இல் ஆப்பிளின் எம்1 கணினிகளோடு வந்த ரொசெட்டா 2, இன்டெல் சிப்புக்கான கட்டளைகளை ஆர்ம் கட்டளைகளாகப் பெயர்க்கிறது. ஆனால் 32 பிட் மேக் நிரலுக்கு அது உதவாது. 32 பிட் நிரல்களுக்கான மேக்ஓஎஸின் ஆதரவு 2019-இல் காட்டலினா பதிப்போடு நின்றுவிட்டது.

3. பொய்த்த அனுமானங்கள்

3.1 வேகம்

டர்போ பாஸ்கல் 7-இல் எழுதிய பல நிரல்கள், 1990-களின் பிற்பகுதியில் வந்த பென்டியம் 2 கணினிகளில் திறந்த கணமே ‘ரன்டைம் எரர் 200’ என்று காட்டி நின்றன. சுழியால் வகுத்தல் என்று அதற்குப் பொருள். நிரலாசிரியர் தம் மூலநிரலை வரிவரியாகத் தேடினாலும் அப்படியொரு வகுத்தல் கிடைக்காது. பிழை இருந்தது சிஆர்டி என்ற நூலகப் பகுதியில். டிலே கட்டளைக்காக அது தொடக்கத்திலேயே, சுமார் 55 மில்லிநொடி நீளும் ஒரு கடிகாரத் துடிப்புக்குள் ஒரு வெற்றுச் சுற்று எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை 55-ஆல் வகுக்கும். ஈவை வைக்க 16 பிட் இடமே உண்டு. 65,535-க்கு மேல் கொள்ளாது. வேகமான சிப்பில் அந்த வரம்பு உடைந்தது. ஈவு கொள்ளாமற் போனாலும், சுழியால் வகுத்தாலும் இன்டெல் சிப் எழுப்புவது ஒரே குறுக்கீடுதான். பிழைச் செய்தி வழிதவறச் செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. காரணம் தெரிந்தால் தீர்வு எளிது: டாஸ்பாக்ஸில் வேகத்தைத் தீர்மானிக்கும் சைக்கிள்ஸ் மதிப்பைக் குறைத்தால் நிரல் ஓடும்.

3.2 பிட் அகலம்

64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களை ஏற்பதில்லை. ஆனால் 1990-களின் மென்பொருள்களில் நிரல் 32 பிட்டாகவும் அதன் செட்டப் மட்டும் 16 பிட்டாகவும் இருப்பது உண்டு. அத்தகைய சில இன்ஸ்டால்ஷீல்டு செட்டப்புகளை விண்டோஸ் தானே இனங்கண்டு 32 பிட் பதிப்பை ஓட்டிவிடும். மற்றவற்றை ஒரு மெய்நிகர் கணினியில் 32 பிட் விண்டோஸ் போட்டு நிறுவி, கோப்புகளை வெளியே எடுத்துப் பார்க்கலாம்.

3.3 எழுதும் உரிமை

பழைய நிரல் தன் தரவைப் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரிலேயே எழுத முயலும். விஸ்டா முதல் விண்டோஸ் அதை அந்தந்தப் பயனரின் விர்ச்சுவல்ஸ்டோருக்குத் திருப்பிவிடுகிறது. ஒருவர் பதிந்த கணக்கு இன்னொருவர் லாகினில் தெரியவில்லை என்றால் முதலில் அங்கே தேட வேண்டும்.

4. சோதனை வரிசை

வைனில் ஒவ்வொரு நிரலுக்கும் தனி ப்ரிஃபிக்ஸ், அதாவது தனி விண்டோஸ் சூழலுக்கான ஃபோல்டர், அமைத்து, ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்ய வேண்டும். வைன் காட்டும் பதிவில் ‘ஃபிக்ஸ்மீ’ வரிகள் எத்தனை வந்தாலும் அஞ்ச வேண்டாம். வைனில் இன்னும் முழுமையடையாத பகுதியை நிரல் தொட்டது என்பதையே அவை பெரும்பாலும் குறிக்கின்றன. எந்த டிஎல்எல் கிடைக்கவில்லை என்று சொல்லும் முதல் ‘எரர்’ வரியே பெரும்பாலும் வழிகாட்டும்.

5. தமிழ்க் கோப்புகள்

திஸ்கி போன்ற 8 பிட் குறியாக்கங்களில் தமிழ் எழுத்துகள் 128-க்கு மேற்பட்ட இடங்களில் அமர்ந்திருந்தன. ஆங்கில விண்டோஸின் 1252 குறிப்பக்கம்தான் இருக்கும் என்று நம்பியே அவற்றைப் பயன்படுத்திய நிரல்கள் எழுதப்பட்டன. விண்டோஸ் 10-இல் உலக மொழிகளுக்கான யுடிஎஃப்-8 பீட்டா தேர்வை இயக்கினால் குறிப்பக்கம் 65001 ஆகிவிடும். எழுத்துகள் கட்டங்களாகவும் கேள்விக்குறிகளாகவும் சிதறும். எழுத்துருவை மறுபடி நிறுவிப் பயனில்லை. அந்தத் தேர்வை நீக்கி, யூனிகோட் அறியாத நிரல்களுக்கான மொழியை ஆங்கிலமாக வைக்க வேண்டும். அதுவரை கோப்பிலுள்ள பைட்டுகளுக்கு ஒன்றும் நேர்வதில்லை. சிதறிய திரையிலேயே திருத்திச் சேமித்தால்தான் மூலம் அழியும். ஆகவே எந்தச் சோதனையும் நகலில் மட்டுமே நடக்க வேண்டும்.