தைத்த கலங்களும் காத்த கைகளும்

கப்பலைக் கட்டி முடித்த நாளோடு தச்சரின் பணி முடிவடைகிறது. அதில் வாழ்வோரின் பணி அன்றுதான் தொடங்குகிறது. பாய்க்கப்பல்களின் காலத்தைப் பற்றி எழுதுவோர், கலம் கட்டியவர்களையும் திசையறிந்து செலுத்தியவர்களையும் போற்றுகின்றனர். கலத்திலேயே உண்டு உறங்கி, ஓடும் வழியிலேயே அதைச் செப்பனிட்டு வந்தோரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. இந்துமாக் கடலின் தைத்த கலங்களுடைய வரலாறு இவர்களை விட்டு விளங்காது.

திருக்குர்ஆன் நூஹ் நபி (அலை) அவர்களின் கப்பலைப் பலகைகளும் ‘துஸுர்’களும் கொண்டதாகக் குறிப்பிடுகிறது (54:13). விரிவுரையாளர் பலர் இச்சொல்லுக்கு ஆணிகள் என்று பொருள் கூறினர். அரபு அகராதிகளோ, பலகைகளைப் பிணைக்கும் நார்க்கயிறு என்னும் பொருளையும் தருகின்றன. ஆணியடித்த கலம், கயிற்றால் தைத்த கலம் ஆகிய இரண்டையும் அரபு மொழி அறிந்திருந்தது என்பதற்கு இச்சொல் ஒன்றே சான்றாகும்.

தைக்கும் முறை நுட்பமானது. பலகைகளின் ஓரங்களில் வரிசையாகத் துளையிட்டு, தென்னை நார்க்கயிற்றைக் கோத்து இறுக்குவர். பின்னர்த் துளைகளை அடைப்பர். ஹிஜ்ரி 579இல் (கி.பி. 1183) செங்கடல் துறையாகிய ஐதாபிலிருந்து ஜித்தாவுக்குக் கடல் கடந்த இப்னு ஜுபைர், அங்கு கண்ட கலங்களை இவ்வாறே வருணிக்கிறார். அவற்றுக்கு நெய்யோ, ஆமணக்கெண்ணெயோ, சுறா எண்ணெயோ பூசப்பட்டதாகவும், மூன்றனுள் சுறா எண்ணெயே சிறந்தது என்றும் அவர் எழுதுகிறார். பவளப்பாறைகள் நிறைந்த அக்கடலில் மரம் விறைத்துப் போகாமல் நெகிழ்ந்து கொடுக்கவே இந்தப் பூச்சு.

இக்கலங்களைப் பற்றிப் பயணிகள் ஒருமித்த கருத்துக் கொள்ளவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஹுர்முஸ் துறையைக் கண்ட மார்க்கோ போலோ, இவை மிக மோசமானவை, பல மூழ்கிப் போகின்றன என்று இகழ்ந்தார். பதினான்காம் நூற்றாண்டில் மாலத்தீவில் வாழ்ந்த இப்னு பதூதாவோ, பாறையில் மோதினால் இரும்பாணிக் கலம் உடைந்துவிடும், கயிற்றால் தைத்த கலம் வளைந்து கொடுத்துத் தப்பும் என்று கூறினார். இருவருள் யார் கூற்று உண்மை?

இருவர் கூற்றும் உண்மையே எனலாம். தைத்த கலம் தன்னளவில் வலிமையுடையதும் அன்று; வலிமையற்றதும் அன்று. பேணப்படும் அளவுக்கே அது வலிமை பெறும். கசிந்து வரும் நீரை நாள்தோறும் இறைக்க வேண்டும். தையலுக்கு எண்ணெய் ஊட்ட வேண்டும். நைந்த கயிற்றை அறுத்துப் புதியது கோக்க வேண்டும். மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பற்புழுவைத் தடுக்க, ஓதம் வற்றும் மணற்கரையில் கலத்தைச் சாய்த்து, அடிப்பாகத்தைச் சுரண்டி, சுண்ணாம்பும் கொழுப்பும் கலந்து பூச வேண்டும். பருவக்காற்று மாறும் வரை துறையில் காத்திருந்த மாதங்கள் இவ்வேலைகளுக்கு வாய்ப்பாயின.

இரும்பாணி மரத்துக்குள் மறைந்திருந்து துருப்பிடிக்கிறது. அதன் கேடு கண்ணுக்குத் தெரிவதில்லை. கயிற்றின் தளர்ச்சியையோ விரலால் தொட்டே அறியலாம். அதை மாற்றக் கொல்லனின் உலை வேண்டியதில்லை. தென்னை வளரும் கரை போதும். நம் சென்னைக் கடற்கரையில் அலைகளைத் தாண்டி ஆளையும் சரக்கையும் ஏற்றிச் சென்ற மசூலாப் படகுகளும் தைத்தவையே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

பேணுவார் இல்லாத கலத்தின் கதியையும் இப்னு ஜுபைரே காட்டுகிறார். ஐதாபின் கல உரிமையாளர்கள், கலத்தின் விலையை ஒரே பயணத்தில் ஈட்டிவிடும் ஆசையால் ஹஜ் பயணிகளை ஒருவர் மேல் ஒருவராக அடைத்து அனுப்பினர். கலம் தருவதே தம் பொறுப்பு, உயிரைக் காத்துக் கொள்வது பயணிகளின் பொறுப்பு என்பது அவர்கள் போக்கு. கலத்தில் வாழாத ஒருவருக்கு அது வெறும் முதலீடு. அதில் உறங்குவோருக்கோ ஒவ்வொரு தையலும் உயிர்நாடி.

பதினைந்தாம் நூற்றாண்டின் கடலியல் மேதை அஹ்மத் இப்னு மாஜித் இதை நன்கு உணர்ந்தவர். கி.பி. 1490ஐ ஒட்டி எழுதிய ‘கிதாபுல் ஃபவாயித்’ என்னும் நூலில், கலம் கரையில் இருக்கும்போதே அதை நோக்கிக் குறைகளைக் குறித்துக் கொள்ளுமாறு கப்பல் செலுத்துவோருக்கு அறிவுறுத்துகிறார். அத்தகையோரை அரபியர் ‘முஅல்லிம்’ என்றழைத்தனர். ஆசிரியர் என்னும் பொருளுடைய அச்சொல்லே தமிழில் ‘மாலுமி’ ஆயிற்று. விண்மீன் அறிவு மட்டும் ஒருவரை முஅல்லிம் ஆக்கிவிடாது. காலடியில் உள்ள பலகையையும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

இக்கலைக்கு நம் காலத்திலும் சோதனை நிகழ்ந்தது. ஓமானின் சூர் நகரில் ஆணியின்றித் தைக்கப்பட்ட ‘ஸுஹார்’ என்னும் கலத்தில், டிம் செவரின் என்பவர் 1980 நவம்பரில் மஸ்கத்திலிருந்து புறப்பட்டு 1981 ஜூலையில் சீனத்தின் கான்டன் நகரை அடைந்தார். இலங்கையைக் கடந்தபின் நடுக்கடலில், பெரும்பாயைத் தாங்கும் பருமல் முறிந்தது. கலத்தில் இருந்தோர் அதைச் சமாளித்துக் கொண்டே மேலே சென்றனர். 2010இல் ஓமானிலிருந்து சிங்கப்பூர் சென்ற ‘ஜுவல் ஆஃப் மஸ்கத்’ என்னும் தைத்த கலத்தின் பாய்மரங்களில் விரிசல் கண்டது. இலங்கையின் காலித் துறையில் புதிய மரங்களை நிறுத்திய பின்னரே அது பயணத்தைத் தொடர்ந்தது. இரு கலங்களும் குறையின்றிக் கட்டப்பட்டதால் கரை சேரவில்லை. குறை கண்டபோதெல்லாம் சீர்செய்யப்பட்டதாலேயே கரை சேர்ந்தன.

ஸுஹார் பின்னர் மஸ்கத்தில் ஒரு சாலைச் சந்திப்பின் நடுவே காட்சிப் பொருளாக நிறுத்தப்பட்டது. அதன் வடிவை எவரும் காணலாம். ஆனால் எண்ணெய்க் கலயமும் நார்க்கயிறும் ஏந்தி அத்தகைய கலங்களை நூற்றாண்டுகள் தோறும் மிதக்க வைத்த கைகளுக்கு எந்தத் துறையிலும் நினைவுச் சின்னம் எழவில்லை. நமது கடல் வரலாறு அவர்களையும் சேர்த்தே எழுதப்பட வேண்டும்.