ஈருயிர்க்காரியின் கூலி

ஆடிப்பெருக்கன்று காவிரி மசக்கையுற்றிருக்கிறாள் என்பது தஞ்சை மக்களின் நம்பிக்கை. காதோலை, கருகமணி, சித்திரான்னம் படைத்து அவளை வணங்குவர். ஆற்றையே சூல்கொண்டவளாய்க் கண்ட இம்மண், சேற்றில் குனிந்து நாற்று நட்ட கர்ப்பிணியை எவ்வாறு கண்டது?

கருவுற்றவளின் உடலில் 'நான்', 'பிறிது' என்னும் எல்லை கலங்குகிறது என அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஐரிஸ் மரியன் யங் 1984இல் எழுதினார். 'ஈருயிர்க்காரி' என்ற நம் சொல்லிலும் அவ்வுணர்வு உண்டு. ஆயினும் வயலில் கணக்கு வேறு: உயிர் இரண்டு, கூலி ஒன்று. வேலைக்கு வராத நாளில் அதுவுமில்லை.

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் ஆலை, சுரங்கம், மலைத்தோட்டப் பெண்களுக்கு ஊதியத்துடன் விடுப்பளித்தது. நடவுப் பெண்களை அது எட்டவில்லை. வரப்பில் வருகைப் பதிவேடு ஏது? 1987இல் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் தமிழக அரசு தொடங்கிய மகப்பேறு உதவித் திட்டமே, வேலைக்குச் சான்று கேளாமல் ஏழைக் கர்ப்பிணிகளை நாடியது. 2006இல் அத்தொகை 6,000 ரூபாயாயிற்று, 2011இல் 12,000.

ஆனால் அவ்வுதவி முதலிரு பேறுகளுக்கு மட்டுமே. மூன்றாவது கருவைச் சுமப்பவளும் அதே சேற்றில்தான் நிற்கிறாள். காவிரிக்கோ ஆண்டுதோறும் மசக்கை; படையலுக்கு வரம்பு வைத்தவர் எவருமில்லை.