பழுதில் பிறந்த ஒலி: கித்தார் பெடல்களின் கதை



சென்ற பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவர் ஒருவரின் தந்தை தொலைபேசியில் அழைத்தார். மகன் இப்போது படிவம் நான்கில் பயில்கிறான். ஆறாம் ஆண்டில் மேசையில் தாளம் தட்டியதற்காக என்னிடம் பலமுறை கண்டிப்புப் பெற்றவன். அவனிடம் மின் கித்தார் ஒன்று உண்டு. அதற்கு எட்டுப் பெடல்கள் வேண்டுமென்று பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறான். "கூட்டிப் பார்த்தால் என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது, ஐயா. இத்தனையும் உண்மையிலேயே தேவைதானா? நீங்கள் சொன்னால் கேட்பான்," என்றார். இளமையில் நான் திருமண மேடைகளிலும் கோயில் திருவிழாக்களிலும் கித்தார் வாசித்தவன் என்பதை அவர் அறிவார்.

தொலைபேசியில் சொல்லி முடிக்கும் செய்தி அன்று என்பதால் எழுத்தில் தருவதாகக் கூறினேன். அதுவே இப்பதிவு. இந்தப் பெட்டிகள் எப்படித் தோன்றின என்று அறிந்துகொண்டால், எது வேண்டும் எது வேண்டாம் என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும் என்பது என் எண்ணம்.

அறியாதவர்களுக்காக ஒரு சொல். மின் கித்தாரின் உடலிலிருந்து பெரிதாக ஒலி எழுவதில்லை. தந்தியின் அதிர்வு மின்னலையாக மாறிக் கம்பிவழியே ஆம்ப்ளிபையருக்குச் செல்கிறது. அந்த வழியில், கலைஞரின் காலடியில் அமர்ந்து மின்னலையை மாற்றியமைக்கும் சிறு பெட்டியே பெடல். கை வாசிப்பில் இருப்பதால் காலால் மிதித்து இயக்குவார்கள்.

இவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று, 1940களில் அமெரிக்காவில் டிஆர்மண்ட் நிறுவனம் விற்ற டிரெமோலோ பெட்டி. ஒலியின் அளவைச் சீராக ஏற்றியிறக்குவது அதன் வேலை. உள்ளே மின்சாரம் கடத்தும் நீர்மம் நிறைந்த ஒரு சிறு குப்பி. அதனை ஒரு மோட்டார் குலுக்கும். நீர்மம் ஊசியில் தொடும்போதெல்லாம் ஒலி தணியும். கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் வேலை செய்தது.

அதனினும் சுவையானது, ஒலியைக் 'கெடுக்கும்' பெடலின் வரலாறு. 1951ஆம் ஆண்டு மெம்பிஸ் நகரில் 'ராக்கெட் 88' என்னும் பாடலைப் பதிவு செய்ய வந்த இசைக்குழுவின் ஆம்ப்ளிபையர் வழியிலேயே சேதமடைந்திருந்தது. ஒலிப்பதிவாளர் சாம் பிலிப்ஸ் கிழிந்த ஸ்பீக்கருக்குள் தாளைத் திணித்து அப்படியே பதிவு செய்தார். அந்தக் கரகரப்பு பலருக்கும் பிடித்துப்போயிற்று. 1958இல் 'ரம்பிள்' என்னும் இசையைப் பதிவு செய்த லிங்க் ரே என்பவரோ, தம் ஸ்பீக்கரில் பென்சிலால் துளையிட்டே அத்தகைய ஒலியை வரவழைத்தார்.

ஆயினும் பெடலாக உருவெடுத்த கதை நாஷ்வில் நகரத்துக்குரியது. 1960இன் இறுதியில் மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் 'டோன்ட் வொரி' என்னும் பாடல் அங்கே பதிவாகிக்கொண்டிருந்தது. மென்மையான பாடல். அதன் இடையே கிரேடி மார்ட்டின் என்னும் கலைஞர் ஆறு தந்தி பாஸ் கித்தாரில் ஒரு சிறு பகுதியை வாசித்தார். கருவி நேராக ஒலிக்கலவைப் பலகையில் இணைக்கப்பட்டிருந்தது. அப்பலகைக்குள் ஒரு மின்மாற்றி பழுதாகிப்போனது. இனிய நாதம் வரவேண்டிய இடத்தில், தகர டப்பாவுக்குள் வண்டு சிக்கியது போன்ற இரைச்சல் எழுந்தது. மீண்டும் பதிவு செய்வதா, விட்டுவிடுவதா என்ற பேச்சு எழுந்தது. விட்டுவிட்டார்கள். 1961இல் அப்பாடல் அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடல்களின் பட்டியலில் முதலிடம் பெற்றது.

(நானாக இருந்திருந்தால் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'திருத்தி எழுதுக' என்று போட்டிருப்பேன்.)

பிறகு வேறு கலைஞர்களும் அதே ஒலியைக் கேட்டு வந்தார்கள். ஆனால் பழுதான பகுதி அதற்குள் முற்றிலும் செயலிழந்திருந்தது. ஒலிப்பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி, ரெவிஸ் ஹாப்ஸ் என்பவருடன் சேர்ந்து, அந்தப் பழுதை டிரான்சிஸ்டர்களைக் கொண்டு வேண்டுமென்றே உண்டாக்கும் ஒரு மின்சுற்றை அமைத்தார். கிப்சன் நிறுவனம் அதனை வாங்கி 1962இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. கித்தாரை ஊதுகருவிகளைப் போல ஒலிக்கச் செய்யும் என்றுதான் விளம்பரம் செய்தார்கள். அதனை நம்பி வாங்குவார் அதிகமில்லை. பெட்டிகள் தேங்கிக் கிடந்தன.

1965ஆம் ஆண்டு மே மாதத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் 'சேட்டிஸ்பேக்‌ஷன்' பாடலுக்கு அதனைப் பயன்படுத்தினார். அவருடைய எண்ணமும் விளம்பரத்தை ஒட்டியதே. பின்னால் ஊதுகருவிக் கலைஞர்களைக் கொண்டு அப்பகுதியை நிரப்பிக்கொள்ளலாம், அதுவரை இது அடையாளமாக இருக்கட்டும் என்று வாசித்து வைத்தார். அந்த மாதிரிப் பதிவே இசைத்தட்டாக வெளிவந்து உலகமெங்கும் ஒலித்தது. தேங்கிக் கிடந்த ஃபஸ் பெட்டிகள் அவ்வாண்டு முடிவதற்குள் விற்றுத் தீர்ந்தன. அதே ஆண்டில் ஓட்டிஸ் ரெடிங் அப்பாடலை உண்மையான ஊதுகருவிகளுடன் பாடிப் பதிவு செய்தார் என்பது ஒரு வேடிக்கை.

காலால் முன்னும் பின்னும் அசைக்கும் 'வா-வா' பெடலின் பிறப்பும் இத்தகையதே. 1966இல் கலிபோர்னியாவின் தாமஸ் ஆர்கன் நிறுவனத்தில் பிராட் பிளங்கெட் என்ற இளம் பொறியாளர், ஆம்ப்ளிபையரில் இருந்த விலை கூடிய சுழல்விசை ஒன்றுக்கு மலிவான மாற்று தேடிக்கொண்டிருந்தார். அவர் அமைத்த சுற்றைத் திருப்பும்போது ஒலி வாய் திறந்து மூடுவது போல மாறியது. ஆர்கன் வாத்தியத்தின் மிதிபலகைக்குள் அதனைப் பொருத்தினார்கள். நிறுவனத் தலைவர் இதனை ஊதுகருவிக்காரர்களுக்கு விற்கவே விரும்பினார். டிரம்பெட் கலைஞர் கிளைட் மெக்காயின் பெயரைச் சூட்டியதும் அதனால்தான். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் முதலிய கித்தார் கலைஞர்களோ அதனைத் தமக்கே உரியதாக்கிக் கொண்டனர்.

எதிரொலிக்கு வருவோம். இது நம் மண்ணுக்கும் தொடர்புடையது. 1960இல் இங்கிலாந்தின் ஷேடோஸ் குழு வெளியிட்ட 'அப்பாச்சி' இசையில், ஹேங்க் மார்வின் இத்தாலிய எதிரொலிப் பெட்டி ஒன்றைப் பயன்படுத்தினார். உள்ளே சுழலும் காந்த நாடாவில் ஒலி பதிவாகிச் சற்றுக் கழித்து மீண்டும் ஒலிக்கும். 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து இசை நிகழ்ச்சி நடத்தினார்கள். அதன்பின் சிங்கப்பூரிலும் தீபகற்பத்திலும் கித்தார்க் குழுக்கள் பெருகின. மலாய் இசையில் 'பாப் யே யே' என்ற அலை எழுந்தது. நாடா தேயும், அறுபடும். 1969இல் பிலிப்ஸ் நிறுவனத்தார் கண்டறிந்த ஒரு மின்சில்லு, ஒலியை வாளியில் நீர் கைமாற்றுவது போல ஒரு படியிலிருந்து மறுபடிக்குக் கடத்தித் தாமதப்படுத்தியது. நாடா தேவையற்றுப் போனது. 1976இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம், பாஸ் என்ற பெயரில் வெளியிட்ட சிஇ-1 கோரஸ் பெடலும் அத்தகைய சில்லின் பயனே.

1977இல் பாஸ் சிறிய, உறுதியான உலோகப் பெடல்களை வெளியிடத் தொடங்கியது. அவற்றுள் ஒன்று ஓடி-1 ஓவர்டிரைவ். வெற்றிடக் குழாய் ஆம்ப்ளிபையர் ஒன்றை முழு ஒலியில் வைத்தால் எழும் இதமான கரகரப்பை, அண்டை வீட்டாரை எழுப்பாமல் பெறுவதே அதன் நோக்கம். 1979இல் வந்த ஐபனீஸ் டியூப் ஸ்கிரீமரும் அவ்வழியில் வந்ததே. 1983இல் டிடி-2 என்ற இலக்கமுறை எதிரொலிப் பெடலும் வந்தது. இன்று கடையில் புதிய பாஸ் பெடல் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் 'மலேசியாவில் தயாரிக்கப்பட்டது' என்றிருக்கும். தந்தையிடம் இதனைச் சொன்னபோது அவர் நம்பவில்லை.

இனி அந்தப் பட்டியல். மாணவன் எழுதிய எட்டில் மூன்று, ஒலியைக் கரகரப்பாக்கும் ஒரே வேலையைச் செய்பவை. பெயரும் நிறமும்தான் வேறு. வீட்டில் சிறிய ஆம்ப்ளிபையருடன் பயில்பவனுக்கு ஓர் ஓவர்டிரைவ் போதும். எதிரொலிக்கு ஒரு டிலே. அவை இரண்டுக்கும் முன்பாக, சுருதி சேர்க்க ஒரு டியூனர். இதனை அவன் பட்டியலில் சேர்க்கவே இல்லை! சுருதி சேராத கித்தாரை எட்டுப் பெடல்களும் சேர்ந்து காப்பாற்ற முடியாது. கோரஸ், ஃபேசர் முதலியவை ஒரு பாடலுக்கு உண்மையில் தேவைப்படும் நாளில் வாங்கத்தக்கவை. வா-வா பெடலைக் கடையில் நின்று மிதித்துப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். காலும் கையும் ஒத்துழைக்கப் பலருக்கு நாளாகும்.

வரிசையும் முக்கியம். மலையடிவாரத்தில் நின்று கூவுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நம் குரல் கரகரக்கிறது, பிறகே மலை அதனைத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே ஓவர்டிரைவ் முன்னே, டிலே பின்னே. மாற்றி இணைத்தால் எதிரொலிகளெல்லாம் ஒன்றாக நசுங்கிக் குழம்பும். வேண்டுமென்றே அப்படிச் செய்வாரும் உண்டு. முதலில் முறையை அறிந்து, பிறகு மீறட்டும்.

மின்சாரத்தைக் குறித்தும் கவனம் தேவை. பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட்டில் இயங்குபவை. ஆனால் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் கொண்ட பழைய வகை ஃபஸ் பெடல்கள் பலவற்றில் மின்முனைகள் நேர்மாறாக அமைந்திருக்கும். அவற்றைப் பிற பெடல்களுடன் ஒரே மின்வழங்கியில் தொடுக்கக்கூடாது. வெப்பம் கூடினாலும் ஜெர்மேனியத்தின் ஒலி மாறிவிடும். மின்விசிறி மட்டும் சுழலும் நம் வீட்டு அறைகளுக்குச் சிலிக்கான் வகையே ஏற்றது.

இவ்வளவையும் எழுதி அனுப்பிய இரண்டு வாரங்களில் தந்தை மீண்டும் அழைத்தார். மகன் ஐந்து பெயர்களைத் தானே அடித்துவிட்டு டியூனரைச் சேர்த்திருக்கிறான். டியூனரும், பிறர் பயன்படுத்திய ஓவர்டிரைவ் ஒன்றும் வாங்கியாயிற்று. டிலேவுக்குப் பணம் சேர்க்கிறார்கள். வா-வா பெடலைக் கடையில் மிதித்துப் பார்த்துவிட்டுப் பின்னர் பார்க்கலாம் என்று வைத்துவிட்டானாம். ஃபஸ் பெடலை மட்டும் அவன் அடிக்க மறுத்துவிட்டான். நாஷ்வில் கதையைப் படித்த பிறகு அந்தப் பழுதான ஒலிதான் தனக்கு வேண்டுமாம். ஆண்டிறுதித் தேர்வுக்குப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருப்பதாகத் தந்தை கூறினார். சிலிக்கான் வகைதானா என்று பார்த்து வாங்குங்கள் என்றேன்.