கொள்ளைக்காரன் கேட்ட கேள்வி

11ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. பாரசீகத்தின் ஜுர்ஜான் நகரில் ஓதி முடித்த இளைஞர் ஒருவர் சொந்த ஊரான தூஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். உஸ்தாது சொல்லச் சொல்ல எழுதிய குறிப்புகள்தான் அவர் தேடிச் சேர்த்த சொத்து. நடுவழியில் கொள்ளைக் கூட்டம் மறித்தது; இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு போனது. அகப்பட்டவர்கள் கொள்ளையர் போன திசைக்கே முகம் காட்டமாட்டார்கள். இந்த இளைஞரோ அவர்கள் பின்னாலேயே ஓடினார்.

மற்றதெல்லாம் வேண்டாம், குறிப்புகளை மட்டும் தந்துவிடுங்கள் என்று கெஞ்சினார். ஊர்விட்டு ஊர் போய்த் தேடிய அறிவெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது என்றார். கொள்ளைத் தலைவன் சிரித்துவிட்டான். பையைப் பறித்ததும் கூடவே பறிபோய்விடும் ஒன்றை அறிந்திருப்பதாக எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டான். பிறகு மனமிரங்கிக் குறிப்புகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். கேள்வியை மட்டும் அவன் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

14ஆம் நூற்றாண்டு அறிஞர் சுப்கி இந்தச் சம்பவத்தைப் பதிந்து வைத்திருக்கிறார். அந்த இளைஞர்தான் இமாம் கஸ்ஸாலி. ஊர் திரும்பியவர் மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து குறிப்புகள் அத்தனையையும் மனனம் செய்தார். இனி எந்தக் கொள்ளையனாலும் பறிக்க முடியாது. 1091இல் பக்தாத் நிழாமிய்யா மத்ரஸாவின் தலைமைப் பேராசிரியரானார். ஆனால் மனனம் செய்ததை அறிவென்று சொல்லிவிட முடியுமா என்ற அடுத்த கேள்வி அவருக்காகக் காத்திருந்தது.

தன் தேடலைத் திரும்பிப் பார்த்துப் பிற்காலத்தில் எழுதிய நூலில், உறுதியான அறிவு எது என்பதற்கு அவர் ஓர் உரைகல் வைத்தார். மூன்றைவிடப் பத்து பெரிது என்று எனக்குத் தெரியும். ஒருவன் வந்து, மூன்றுதான் பெரிது, அதற்குச் சான்றாக இந்தக் கோலைப் பாம்பாக்குகிறேன் என்று சொல்லி, கண்ணெதிரே ஆக்கியும் காட்டினால்? அவன் வித்தையைப் பார்த்து வியப்பேன். பத்து பெரிது என்பதில் கடுகளவும் ஐயப்படமாட்டேன். அந்த உரைகல்லில் தனக்குத் தெரிந்ததையெல்லாம் உரசிப் பார்த்தார். கண் முதலில் தோற்றது. அசையாமல் கிடப்பதாகத் தெரியும் நிழல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு காசளவு தெரியும் நட்சத்திரம் பூமியைவிடப் பெரிதென்று கணிதம் காட்டுகிறது. கண் ஏமாற்றும் என்றால் புத்தி ஏமாற்றாதா? ஏறக்குறைய இரண்டு மாதம் எதையும் நம்ப முடியாத நோயில் கிடந்தார். இறைவன் நெஞ்சில் இட்ட ஒளியால்தான் மீண்டதாக எழுதுகிறார். மீண்டு வந்தவர் கையில் எடுத்த கருவி பலரைத் திடுக்கிட வைத்தது.

அது அரிஸ்டாட்டில் வகுத்த தர்க்கம். மொழிபெயர்ப்பாளர்களின் உழைப்பால் கிரேக்கத்திலிருந்து பக்தாதுக்கு வந்து சேர்ந்திருந்தது. தத்துவவாதிகளின் கொள்கைகளைக் கடுமையாக மறுத்து நூல் எழுதிய அதே கஸ்ஸாலி, அவர்களுடைய தர்க்கத்தை மட்டும் வைத்துக்கொண்டார். மார்க்கச் சட்டத்தின் மூலங்களைப் பேசும் தன் பெருநூலுக்கே அதை வாசலாக வைத்து, இது தெரியாதவரின் அறிவை நம்ப முடியாது என்ற பொருளில் எழுதினார். 1111இல் அவர் மறைந்தார். அடுத்த நூற்றாண்டில் டமாஸ்கஸின் இப்னு ஸலாஹ், தர்க்கம் கற்பது கூடாது என்று பத்வா கொடுத்தார். அத்தோடு கதை முடிந்திருக்கலாம்.

முடியவிடாமல் காத்தது ஒரு சின்னத் தர்க்கக் கிதாபு. அதே 13ஆம் நூற்றாண்டில் அப்ஹரி என்ற அறிஞர் ஆரம்ப மாணவர்களுக்காக எழுதிய ‘ஈஸாகூஜி’, மத்ரஸா மத்ரஸாவாகப் பரவியது. 18ஆம் நூற்றாண்டில் லக்னோவில் முல்லா நிழாமுத்தீன் வகுத்த பாடத்திட்டம் தர்க்கத்துக்குப் பெரிய இடம் கொடுத்தது. அந்த மரபு வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத் மத்ரஸாவுக்கு வந்தது. கடல் கடந்து அங்கே ஓதப்போன இலங்கைப் பிள்ளைகள் ‘பாகவி’ பட்டத்தோடு திரும்பினார்கள். ‘மன்திக்’ என்ற பெயரில் தர்க்கம் தமிழ் பேசும் ஆலிம்களின் பாடமானது. இதே தர்க்கம் இன்னொரு வழியாகவும் புறப்பட்டிருந்தது, அதுவும் பல நூற்றாண்டுகள் முந்தி.

12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலேதோ நகரில், தத்துவவாதிகளின் கருத்துகளைக் கஸ்ஸாலி தொகுத்துச் சொன்ன நூல் லத்தீனுக்குப் போனது. தர்க்கம்தான் அதன் முதற்பகுதி. இவை என் கருத்துகள் அல்ல, மறுப்பதற்காகவே தொகுக்கிறேன் என்ற முன்னுரை பெரும்பாலான பிரதிகளில் விடுபட்டுப்போனது. தத்துவவாதிகளை மறுத்தவரையே ஐரோப்பா தத்துவவாதி என்று நினைத்து, ‘அல்கஸேல்’ என்று பெயர் சொல்லிப் படித்தது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் வேரூன்றிய தர்க்கம், ஆங்கிலேயர் காலத்தில் கொழும்புக்கு வந்தது. வந்தும் என்ன? அது ஆங்கிலத்தில் இருந்தது. கிழக்கிலங்கையின் கல்முனைக் கரைக்கு எட்டவில்லை.

எட்டவைக்கும் வேலையைத் தொடங்கிவைத்தது ஓர் உணவுத் தட்டுப்பாடு. 1942, உலக யுத்த காலம். நெல் விளைச்சலைப் பெருக்குவதற்காகக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டார் ஏ. எம். ஏ. அஸீஸ். இலங்கை சிவில் சேவையின் முதல் முஸ்லிம் அவர். பக்கத்து ஊரான காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரோடு நட்பானார். வயலைப் பார்க்க வந்தவர் பிள்ளைகளின் படிப்பைப் பார்த்துக் கவலைப்பட்டு, கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கம் அமைத்தார். 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960ஐ ஒட்டித் தாய்மொழியில் படித்த கலை மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தார்கள். பாதை திறந்தது என்று மூச்சு விட்ட வேளையில் உள்நாட்டு யுத்தம் வந்து மறித்தது.

யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் படித்துக்கொண்டிருந்த முஸ்லிம் மாணவர்கள் படிப்பைத் தொடர முடியாமல் நின்றார்கள். அந்த இழப்பிலிருந்துதான், அமைச்சர் எம். எச். எம். அஷ்ரஃபின் முயற்சியால், 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி பிறந்தது. மறு ஆண்டே பல்கலைக்கழகமாகி ஒலுவில் கடலோரத்தில் ஊன்றிக்கொண்டது. இரண்டு வழியாகப் பிரிந்துபோன தர்க்கம் இந்தக் கரையில்தான் மறுபடி சந்தித்தது.

ஐரோப்பா வழியாக வந்த தர்க்கம்தான் இந்தக் கரையின் பள்ளிக்கூடங்களில், உயர்தர வகுப்பு நேரசூசியில் ‘அளவையியலும் விஞ்ஞானமுறையும்’ என்று எழுதியிருக்கும் பாடம். மனிதர் எல்லோரும் இறப்பவர், சோக்கிரட்டீஸ் மனிதர், ஆகவே சோக்கிரட்டீஸ் இறப்பவர் என்று கரும்பலகையில் மூன்று வரி விழுகிறது. “எல்லாரும் எண்டு எப்பிடி சேர் தெரியும்?” என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல் எழும்போதுதான் பாடம் சூடு பிடிக்கிறது. கண்டவர்கள் எல்லோரும் இறந்தார்கள் என்றால், இனிப் பிறக்கப்போகிறவர்கள்? கண்ட காகமெல்லாம் கறுப்பென்றால், காணாத காகம்? மணி அடித்த பிறகும் வாதம் வாசல்வரை போகும். அதே ஊரின் அரபுக் கல்லூரியில் மன்திக் ஓதும் பிள்ளையும், உலகப் பொருள்கள் பகுதிகளால் கூடியவை என்பதில் தொடங்கி அவை படைக்கப்பட்டவை என்ற முடிவுக்கு இதே மூன்று படியில்தான் ஏறுகிறது. ஒன்று மேல்நாட்டுப் பாடம், மற்றது மார்க்கப் பாடம் என்று ஊர் பிரித்து வைத்திருக்கிறது. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இரண்டையும் கஸ்ஸாலியின் கை தொட்டிருக்கிறது.

ஆகவே, எப்படித் தெரியும் என்று கேட்கும் பிள்ளையை அதட்டி உட்காரவைக்க எந்த நியாயமும் இல்லை. அந்தப் பிள்ளை தன் முன்னோர் ஓதிய பாடத்தைத்தான் தொடர்ந்து ஓதுகிறது. கொப்பியில் எழுதியதும் மனனம் செய்ததும் பரீட்சைவரை துணை வரும். துருவிக் கேட்டு, ஐயப்பட்டு, காரணம் கண்டு தெளிந்ததுதான் கொள்ளை போகாத அறிவு.