கப்பல் கம்பெனிகளின் சொந்தக் கரை

1867-ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில், ஐரோப்பாவையும் புண்ணிய பூமியாகிய பாலஸ்தீனத்தையும் தரிசிப்பதற்கென்று நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட ‘குவேக்கர் ஸிட்டி’ என்னும் நீராவிக் கப்பல் கிரேக்க நாட்டின் பிரேயஸ் துறைமுகத்தை அடைந்தபோது, குவாரண்டைன் விதிகளைக் கண்டிப்பாக அநுசரித்து வந்த அந்நாட்டு அதிகாரிகள், கெடு முடியும்வரையில் கப்பலில் உள்ளோர் ஒருவரும் கரையில் கால் வைக்கலாகாது என்று தடுத்துவிட்டார்கள். ஆயினும் அக்கப்பலில் பிரயாணம் செய்த எழுத்தாளர் மார்க் ட்வெயினும் அவருடைய தோழர்கள் மூவரும் இரவில் ஒரு சிறு படகில் ஏறித் திருட்டுத்தனமாகக் கரை சேர்ந்து, வழியிலிருந்த திராட்சைத் தோட்டங்களில் பழம் பறித்துத் தின்றவண்ணம் ஆதென்ஸ் நகரம் வரையில் நடந்து, குன்றின் மேல் நிலவொளியில் நின்ற பார்த்தினான் கோயிலைக் கண் குளிரக் கண்டு, பொழுது விடியுமுன் திரும்பிவிட்டார்கள்.

அக்காலத்துக் கடற்பிரயாணிகளுக்குக் கரை என்பது எத்தகைய பொருளாக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் வேண்டியதில்லை. ஹாம்பர்க்-அமெரிக்கக் கப்பல் கம்பெனியைச் சேர்ந்த ஆல்பர்ட் பாலின், குளிர்காலத்தில் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடப்போர் குறைந்துபோவதால் சும்மா கிடக்க நேர்ந்த ‘அகஸ்டா விக்டோரியா’ என்ற கப்பலை 1891 ஜனவரியில் 241 பிரயாணிகளுடன் மத்தியதரைக் கடலுக்கு அனுப்பி, உல்லாசக் கடற்பிரயாணம் என்ற தொழிலுக்கு அஸ்திவாரம் இட்டபொழுதும், கப்பல் வாகனமாகவும் கரை பிரயோஜனமாகவுமே இருந்தன. இறங்கலாமா, வேண்டாமா என்ற கேள்வி நோயாளிகளுக்கும் சோம்பேறிகளுக்கும் மட்டுமே உரியது.

இன்று பஹாமாஸ் தீவுகளுக்கிடையே நங்கூரமிடும் பெரிய கப்பல்களில், காலைச் சிற்றுண்டி முடிந்த வேளையில், நல்ல தேகசுகம் உடையவர்களும் பணம் கொடுத்து வந்தவர்களுமான பிரயாணிகள் பலர், எதிரே வெண்மணலும் பசுநீலக் கடலும் தெரிய, ‘இறங்குவோமா, இங்கேயே இருந்துவிடுவோமா’ என்று நிதானமாக யோசிக்கிறார்கள். அவர்கள் யோசிப்பதில் நியாயம் உண்டு. ஏனெனில் அவர்கள் முன்னால் இருக்கும் கரை கப்பல் கம்பெனிக்கே சொந்தமானது அல்லது அக்கம்பெனி குத்தகைக்கு எடுத்தது. இந்த விசித்திரமான ஏற்பாடு எப்படி உண்டாயிற்று என்பதே நாம் ஆராயப் புகும் விஷயம்.

1958-ஆம் ஆண்டில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடக்கத் தொடங்கிய பிறகு, ஐந்து நாள் கப்பலில் ஆடிக்கொண்டு போவதற்கு யாரும் விரும்பாமற்போகவே, கப்பல் முதலாளிகள் வேறு பிழைப்புத் தேட வேண்டியவர்களானார்கள். நார்வே தேசத்துக் கப்பல் முதலாளியான க்னுட் க்ளோஸ்டரும் டெட் அரிஸன் என்பவரும் கூட்டுச் சேர்ந்து, 1966 டிசம்பரில் ‘ஸன்வர்ட்’ என்ற கப்பலை மயாமியிலிருந்து பஹாமாஸின் தலைநகரான நஸ்ஸாவுக்கு விட்டார்கள். இங்கே ஒரு பழைய சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் ஏற்றிய பிரயாணிகளை அந்நாட்டின் மற்றொரு துறைமுகத்தில் கொண்டுபோய் விடலாகாது என்று 1886-இல் அமெரிக்க சர்க்கார் விதித்தது. செலவைக் குறைப்பதற்காக அந்நியக் கொடிகளையே நாடிய கம்பெனிகள், ஆகையால், அமெரிக்கக் கரையோரமாகவே சுற்றி வரும் மார்க்கம் அடைபட்டுப்போக, அடுத்திருந்த அந்நிய பூமியை நாடின. ஃப்ளோரிடாவின் கிழக்கே, ஒரே இரவில் சென்று சேரக்கூடிய தூரத்தில், சுமார் எழுநூறு தீவுகளும் எண்ணற்ற பாறைத் திட்டுகளுமாகப் பரவிக் கிடந்த பஹாமாஸ் அவர்களுக்கென்றே படைக்கப்பட்டது போல இருந்தது.

ஆனால் நஸ்ஸாவில் இறங்கிய பிரயாணியின் பணம் கம்பெனியின் பெட்டிக்கு வரவில்லை. ஓலைப் பின்னல் விற்கும் பெண்களுக்கும், வாடகைக் கார் ஓட்டுபவர்களுக்கும், மதுக்கடைக்காரர்களுக்கும் அது போயிற்று. துறைமுகத்திலோ கப்பல்கள் அதிகரித்து இடநெருக்கடி உண்டாகியது. இந்த நிலைமையில்தான் க்ளோஸ்டரின் கம்பெனி, பெர்ரி தீவுக்கூட்டத்தில் கிரேட் ஸ்டிரப் கே என்னும் சிறு தீவை 1977-ஆம் ஆண்டில் ஓர் எண்ணெய்க் கம்பெனியிடமிருந்து வாங்கியது. பிரயாணிகளை ஒரு நாள் இறக்கி ஏற்றுவதற்கென்றே ஒரு கப்பல் கம்பெனி தீவொன்றைத் தனதாக்கிக்கொண்டது அதுவே முதன்முறை. மூன்று ஆண்டுகளுக்குப் பின், ஒரு காலத்தில் ‘பிரான்ஸ்’ என்ற பெயருடன் அந்நாட்டின் பெருமையாக விளங்கிய 1,035 அடி நீளமுள்ள கப்பல் ‘நார்வே’ என்று நாமகரணம் செய்யப்பட்டு மயாமிக்கு வந்தபோது, அது கரையை நெருங்க இயலாத பிரம்மாண்டமானதாகையால், யுத்தகாலத்தில் சிப்பாய்களைக் கரையிறக்கிய படகுகளின் பாணியில் அமைந்த இரண்டு பெரிய படகுகளைத் தன் மேல்தளத்திலேயே சுமந்து வந்து, அவற்றின் மூலம் ஆயிரக்கணக்கானோரைத் தீவின் மணலில் கொண்டு சேர்த்தது. இறைச்சியும் ரொட்டியும் பழங்களும் பானங்களும் கப்பலின் சமையலறையிலிருந்தே கரைக்குச் சென்றன. பரிமாறியவர்களும் கப்பலின் சிப்பந்திகளே. வெளியூர்ப் பயணத்துக்குக் கட்டுச்சோறு மூட்டை கட்டிக்கொண்டு போகிற குடும்பத்தார், கூடவே சமையற்காரனையும் இலையையும் பந்திப்பாயையும் எடுத்துக்கொண்டு போனால் எப்படியிருக்குமோ, அப்படி இருந்தது அந்த ஏற்பாடு.

இத்தீவுகளைப் பற்றிய விளம்பரங்கள் யாவும், மனிதன் கால்படாத கன்னி நிலம் என்றே வர்ணித்து வந்தன. இந்த வர்ணனையில்தான் எனக்குப் பெரிய ஆட்சேபம் உண்டு. பஹாமாஸின் தீவுகள் ஆதியில் வெறுமையாக இருந்தவை அல்ல. 1492 அக்டோபர் 12-ஆம் தேதி கொலம்பஸ் முதன்முதலில் கரையிறங்கிய குவானஹானி என்ற தீவு இக்கூட்டத்தைச் சேர்ந்ததே. அங்கே அவனை எதிர்கொண்டழைத்த லுக்காயர் என்னும் ஜனங்கள், மீன் பிடித்தும் கிழங்கு பயிரிட்டும் பருத்தி நூற்றும் இத்தீவுகளெங்கும் வாழ்ந்துவந்தவர்கள். ஸ்பானியர்கள் ஹிஸ்பானியோலாத் தீவின் பொற்சுரங்கங்களில் வேலை செய்வதற்கும், தென் அமெரிக்கக் கரையோரத்துக் குபாகுவாவில் முத்துக் குளிப்பதற்கும் இவர்களைப் பிடித்துக்கொண்டு போய், சில பத்தாண்டுகளுக்குள் தீவுகளையே காலி செய்துவிட்டார்கள். அதன் பின்னர், அமெரிக்கா சுதந்திரமடைந்தபோது பிரிட்டிஷ் அரசனிடம் விசுவாசம் பூண்ட தோட்டக்காரர்கள் தங்கள் அடிமைகளுடன் இங்கு குடியேறியதும், 1834-இல் அடிமைத்தனம் ஒழிந்தபின் விடுதலை பெற்ற கறுப்பு மக்கள் கடற்பஞ்சு எடுத்தும் உப்புக் காய்ச்சியும் பிழைத்ததும், அத்தொழில்கள் நசித்தபோது பலர் சிறு தீவுகளை விட்டு நஸ்ஸாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தன. ஆகவே, உல்லாசப் பிரயாணி ரசிக்கும் ஏகாந்தமும் சரித்திரத்தினால் விளைந்ததே. கிரேட் ஸ்டிரப் கேயில் 1863-ஆம் ஆண்டில் பிரிட்டிஷார் கட்டிய கலங்கரை விளக்கம் இன்னும் நிற்கிறது. அது யாருக்காக, எந்தக் கப்பல்களுக்காக எரிந்தது என்று அங்கே விசாரிப்பவர்கள் குறைவு.

பழைய சரித்திரத்தை மறைத்ததோடு நில்லாமல், புதிய சரித்திரத்தைக் கற்பித்து ஒட்டியவர்களும் உண்டு. டிஸ்னி கம்பெனி 1997-இல் கோர்டா கே என்ற தீவைத் தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகைக்கு எடுத்து, ‘காஸ்ட்அவே கே’ என்று பெயரை மாற்றி, மறு ஆண்டில் திறந்தது. போதைப்பொருள் கடத்துவோர் முன்பு இறங்கிய விமானத்தளம் அத்தீவில் இருந்தது. அதன் வழியே இப்போது பிரயாணிகள் நடைபழகுகிறார்கள். ஆனால் கடத்தல்காரர்களின் கதைக்குப் பதிலாக, கப்பல் உடைந்து கரையொதுங்கினவர்களைப் பற்றிய கம்பெனியின் சொந்தக் கட்டுக்கதைதான் அங்கே பலகைகளிலும் பெயர்களிலும் நிலவுகிறது. ஒரு விஷயத்தில் மட்டும் அக்கம்பெனி மற்றவர்களை முந்திக்கொண்டது. கடலடியைத் தோண்டி ஆழமாக்கித் துறைமேடை கட்டியதால், படகுக்காகக் காத்து நிற்கும் தொல்லையின்றிக் கப்பலிலிருந்து நேரே நடந்து இறங்க முடிந்தது.

இந்த ஏற்பாடு பஹாமாஸோடு நிற்கவில்லை; ஹெய்தியைப் பற்றியும் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ராயல் கரீபியன் கம்பெனி 1980-களின் மத்தியிலிருந்து ஹெய்தியின் வடகரையில் லாபாடி என்ற தீபகற்பத்தைக் குத்தகைக்கு வைத்திருக்கிறது. வேலியிட்டுக் காவல் போட்டிருக்கும் அந்த நிலத்தில் கம்பெனியார் அநுமதித்த வியாபாரிகளைத் தவிர ஊர்மக்கள் நுழைய இயலாது. ஆனால் அந்த வேலிக்கு அப்பால் உள்ள பூமியைப் போலச் சரித்திர கௌரவம் வாய்ந்தது அப்பிராந்தியத்தில் வேறொன்று இல்லை என்று சொல்லத் தகும். 1492-ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் சமயத்தில் கொலம்பஸின் ‘ஸாந்தா மரியா’ கப்பல் தரைதட்டி உடைந்தது அக்கரையோரத்தில். அதன் மரங்களைக் கொண்டு ஸ்பானியர்கள் தங்கள் முதற் குடியிருப்பை அமைத்ததும் அங்கேதான். 1791 ஆகஸ்டில் கரும்புத் தோட்டத்து அடிமைகள் திரண்டெழுந்து, பன்னிரண்டு வருஷப் போருக்குப்பின் 1804 ஜனவரி முதல் தேதியில் ஒரு சுதந்திர தேசத்தை ஸ்தாபித்தார்களே, அந்தக் கலகம் மூண்டதும் அந்த வடசமவெளியில்தான். விடுதலை பெற்ற பிறகு ஹென்றி கிறிஸ்தோஃப் என்ற தலைவன் மலையுச்சியில் கட்டிய மகத்தான கோட்டையும் அதிக தூரத்தில் இல்லை. இவ்வளவையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, நீரில் சறுக்கி விளையாடுவதற்கும் கயிற்றில் தொங்கி வளைகுடாவைக் கடப்பதற்கும் மட்டுமே பிரயாணிகள் இறக்கப்பட்டார்கள்.

2010 ஜனவரி 12-ஆம் தேதி போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரத்தைப் பூகம்பம் நாசமாக்கி லட்சக்கணக்கானவர்களைப் பலிகொண்டது. மூன்றே நாட்களில் ‘இண்டிபெண்டன்ஸ் ஆஃப் தி ஸீஸ்’ என்ற கப்பல், பூகம்பத்தால் சேதமடையாத லாபாடியில் வந்து நின்றது. அதே நாட்டில் பிணங்கள் குவிந்துகிடக்கையில் மணலில் படுத்து வெயில் காய்வது எப்படி என்று மனம் கூசிச் சிலர் கப்பலை விட்டு இறங்கவே மறுத்துவிட்டார்கள். வேறு சிலரோ, நாம் இறங்காவிட்டால் கரையில் சாமான் விற்றுப் பிழைப்பவர்களுக்கும் கூலி இல்லாமற்போகுமே என்று இறங்கினார்கள். கம்பெனியும் அரிசி, பயறு, பால்மாவு, தண்ணீர் முதலியவற்றைக் கப்பலிலேயே கொண்டுவந்து இறக்கி, அந்த வருகையினால் வரும் லாபத்தை நிவாரணத்துக்குத் தருவதாக அறிவித்தது. இவ்விரு கட்சியில் எது சரி என்று கேட்டால், இறங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்; வேலிக்கு வெளியே ஒரு தேசம் இருக்கிறது என்பதை அன்று ஒரு நாளாவது பலர் யோசித்தார்கள். பிற்காலத்தில் ஹெய்தியில் ஆயுதக் கும்பல்களின் கொடுமை முற்றியதனால் கப்பல்கள் அங்கே போவதும் நின்றுபோயிற்று.

இதற்கிடையில் மற்றத் தீவுகள் வேறு திசையில் வளர்ந்தன. ஹாலந்து அமெரிக்கா கம்பெனி 1996-இல் அறுபது லட்சம் டாலருக்கு வாங்கிய லிட்டில் ஸான் ஸால்வடார் தீவின் சுமார் 2,400 ஏக்கரில் ஐம்பது ஏக்கர் அளவையே திருத்தி, மிச்சத்தைப் பறவைகளுக்கு விட்டது. ராயல் கரீபியன் கம்பெனியோ லிட்டில் ஸ்டிரப் கேயை ‘கோகோ கே’ ஆக்கி, 250 மில்லியன் டாலரைக் கொட்டி, 2019-இல் 135 அடி உயரமுள்ள நீர்ச்சறுக்கையும் நிர்மாணித்தது. எம்.எஸ்.ஸி. கம்பெனி, மணல் தோண்டியெடுக்கப்பட்டுப் பாழாய்க் கிடந்த ஒரு செயற்கைத் தீவைச் சுத்தப்படுத்திக் கடற்கரையாக்கியது. இது ஒன்றுதான் கெட்ட நிலத்தை நல்லதாக்கிய காரியம் என்று பாராட்டத் தகும். கார்னிவல் கம்பெனியும் 2025 ஜூலையில் கிராண்ட் பஹாமாத் தீவில் 600 மில்லியன் டாலர் செலவில் ‘ஸெலிப்ரேஷன் கீ’ என்ற துறையைத் திறந்தது. நஸ்ஸாவுக்குச் சேர வேண்டிய வருமானம் இப்படித் திசைமாறுவதைக் கண்ட பஹாமாஸ் சர்க்கார், தனித்தீவுகளில் மட்டும் இறங்கிச் செல்லும் பிரயாணிகளுக்கு, ஊர்த் துறைமுகத்துக்கு வருவோருக்கு இருப்பதைவிடக் கூடுதலான தலைவரி போட்டது.

இனி, கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் நின்று யோசிக்கும் பிரயாணிக்கு வருவோம். துறைமேடை இல்லாத தீவானால், அவருடைய முடிவைக் காற்றே செய்துவிடும். அலை சற்று எழும்பினால் படகுகளை இறக்கக் கப்பல் தலைவர் சம்மதிக்கமாட்டார், தீவைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கப்பல் போய்விடும். வயோதிகர்களுக்கும் முழங்கால் வலியுள்ளவர்களுக்கும் ஆடும் படகிலிருந்து ஏறி இறங்குவது சிரமம். கப்பலில் தங்குபவர்களுக்கோ, மற்ற நாட்களில் இடம் கிடைக்காத நீச்சல் குளமும் நூலகமும் அன்று முழுவதும் தனிச் சொத்தாகும். கரையில் கிடைக்கும் சாப்பாடு கப்பல் சாப்பாடேயாகையால் நாவுக்கும் நஷ்டமில்லை. வரைபடத்தில் வேறு நாடானாலும், கொடுக்கல் வாங்கலும் கப்பல் அட்டையிலேயே நடக்கும். நீர்ச்சறுக்குகளும் கயிற்றுத் தொங்கல்களும் உள்ள தீவுகளில், குழந்தைகள் கூட இருந்தாலொழிய, நான் இறங்கமாட்டேன். லிட்டில் ஸான் ஸால்வடாரில் இறங்குவேன். அதன் பிறைவடிவான விரிகுடாவும் பின்னால் உள்ள நீர்நிலைகளின் பறவைகளும் ஒரு முற்பகலுக்குத் தாராளமாய்ப் போதும். கிரேட் ஸ்டிரப் கேயிலும் இறங்கி, மணலில் நாற்காலி தேடுபவர்களை அவர்கள் பாட்டுக்கு விட்டு, வெயில் ஏறுமுன் கலங்கரை விளக்கம் வரையில் நடந்துவிட்டு, சீக்கிரமே கப்பலுக்குத் திரும்பிவிடுவேன்.