பகலில் மைதானம், இரவில் பியானோ: யார் இந்த ஜிம்மி யான்சி?

பழைய ராக் அண்ட் ரோல் பாட்டுகளில், பியானோவின் கீழ்ஸ்தாயியில் ஒரே சுற்று விடாமல் ஓடிக்கொண்டே இருப்பதைக் கவனிச்சிருப்பீங்க. அதன் வேர் பூகி-வூகி. ப்ளூஸ் இசையிலிருந்து வந்த பியானோ பாணி இது. இடது கை ஒரு சின்னச் சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கும், வலது கை அதன்மேல் இஷ்டத்துக்கு விளையாடும். சிகாகோவில் இந்தப் பாணியை வளர்த்தவர்களில் ஒருவர் ஜிம்மி யான்சி.

ஆனா அவருக்குச் சம்பளம் வந்தது பியானோவிலிருந்து இல்ல. 1925 முதல் 1950 வரை, ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் காமிஸ்கி பார்க்கில் அவர் கிரவுண்ட்ஸ்மேன். புல்தரையைப் பராமரிக்கிற வேலை.

சின்ன வயதில் அவர் டாப் டான்ஸர். நாடகக் குழுக்களோடு ஐரோப்பா வரை போய் ஆடியவர். ஊர் திரும்பிய பிறகுதான் பியானோ.

எங்கே வாசித்தார்?

வீடுகளில். தெற்கு மாநிலங்களிலிருந்து பிழைப்பு தேடி வந்த கறுப்பின மக்கள் சிகாகோவின் சவுத் சைடில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். வாடகையோ அதிகம். மாசக் கடைசியில் வீட்டில் ஒரு பார்ட்டி வைப்பார்கள்; வருகிறவர்கள் கொடுக்கும் சில்லறைதான் வாடகைக்குப் போகும். இதற்குப் பெயரே 'ரென்ட் பார்ட்டி'. பேண்ட் வைக்கக் காசு ஏது? ஒரு ஆள், ஒரு பியானோ, அவ்வளவுதான். டிரம்ஸ் செய்ய வேண்டிய வேலையை இடது கை செய்தாகணும். பூகி-வூகி ஏன் இப்படி ஒலிக்கிறது என்பதற்குப் பாதி விடை இங்கேயே இருக்கு.

யான்சியைக் கேட்டு வளர்ந்த இளைஞர்கள் இரண்டு பேர்: மீட் லக்ஸ் லூயிஸ், ஆல்பர்ட் அம்மன்ஸ். 1938 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் இவர்கள் பீட் ஜான்சனோடு வாசிக்க, பூகி-வூகி நாடு முழுக்க மோகமானது. அப்புறம்தான் ரெக்கார்டு கம்பெனிகளின் பார்வை யான்சி பக்கம் திரும்பியது. 1939-ல், 40-ஐ ஒட்டிய வயதில், அவருடைய முதல் இசைத்தட்டு வந்தது. மைதான வேலையை மட்டும் அவர் விடவில்லை.

இடது கை யாருக்குச் சொந்தம்?

1936-ல் லூயிஸ் ஒரு மெட்டைப் பதிவு செய்து, 'யான்சி ஸ்பெஷல்' என்று பெயர் வைத்தார். யாருடைய பாணி என்று பெயரே சொல்லிவிடுகிறது. 1948-ல் சோனி தாம்சனின் 'லாங் கான்' ஹிட்டானபோது, 'யான்சி ஸ்பெஷல்' உரிமையை வைத்திருந்த பதிப்பகம், இடது கைச் சுற்றைத் திருடிவிட்டதாக ரெக்கார்டு கம்பெனி மேல் வழக்குப் போட்டது. 1950-ல் சிகாகோ நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காப்புரிமை கேட்கிற அளவுக்கு அந்தச் சுற்றில் புதுசாக ஒன்றுமில்லை, ரொம்ப எளிமையானது என்றது.

சட்டப்படி அது நியாயமாகவே இருக்கலாம். அந்தச் சுற்றுக்கு ஒருவர் வேலி போட்டிருந்தால், பின்னால் வந்த பாதி ராக் அண்ட் ரோல் பிறந்தே இருக்காது. ஆனா பாருங்க, மோதிக்கொண்டது பதிப்பகமும் ரெக்கார்டு கம்பெனியும். யாருடைய பெயர் மெட்டில் இருந்ததோ, அவர் அந்த வழக்கில் ஒரு தரப்பே இல்ல.

1948-ல் மனைவி எஸ்டெல்லோடு கார்னகி ஹாலில் வாசித்தார். 'மாமா யான்சி' என்று அறியப்பட்ட எஸ்டெல் அருமையான ப்ளூஸ் பாடகி. 1951 ஜூலையில் அட்லாண்டிக் நிறுவனத்துக்காக இருவரும் சேர்ந்து பதிவு செய்தார்கள். இரண்டே மாதத்தில், செப்டம்பர் 17 அன்று, சர்க்கரை நோயின் பாதிப்பால் யான்சி இறந்தார். 1986-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரை முன்னோடிகளின் வரிசையில் சேர்த்தது.

கேட்க ஆரம்பிக்கணும்னா அந்த அட்லாண்டிக் பதிவுகளைத் தேடுங்க. பூகி-வூகி என்றால் வேகம் என்று நினைத்திருந்தால், இவர் நிதானம் உங்களுக்கு ஆச்சரியமா இருக்கும். முடிவையும் கவனிங்க. எந்தச் சுருதியில் தொடங்கினாலும், பெரும்பாலும் ஈ ஃபிளாட்டில் கொண்டுவந்து நிறுத்துவார். ஏதோ கையெழுத்துப் போடுகிற மாதிரி.